அது தின்றுகொண்டிருக்கட்டும்

அப்பா வயற்காவலுக்குப் போகும்போது சில இரவுகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். வன்னியில் எங்கள் வயலுக்குப் பின்னால் காடு. பரணில் இருந்து யானையைப் பார்க்கும்போது "காதைப் பார்" என்பார். காது விசிறிக்கொண்டிருந்தால் அது தன்பாட்டில் நிற்கிறது. விசிறல் நின்றால் எங்களைக் கேட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் பந்தம் கொளுத்துவதா, மூச்சுக் காட்டாமல் இருப்பதா என்று அவர் முடிவெடுப்பார். எனக்கு அப்போது பத்து வயது. யானையின் காதைப் பார்க்கப் பழகிய அந்தக் கண்ணை வைத்துத்தான் பிறகு கனடாவில் முப்பது வருடம் மூஸ் காட்டிப் பிழைத்தேன்.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே மூன்று மணித்தியால ஓட்டம், அல்கொன்குவின் பூங்கா. பூங்கா என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் புல்வெளியும் ஊஞ்சலும் இருக்குமென்று பிள்ளைகளோடு வந்தவர்கள் உண்டு. 1893 இல் ஒதுக்கிய காடு அது. 7,600 சதுர கிலோமீற்றர் அளவு. அதன் தெற்குப் பக்கத்தை 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகிறது. மேற்கு வாசலில் இருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீற்றர். எல்லா இடத்தையும் அந்தக் கிலோமீற்றர்க் கணக்கில்தான் சொல்வோம். மிஸி ஏரிப் பாதை 15, பார்வையாளர் நிலையம் 43, ஒபியோங்கோ வீதி திரும்புமிடம் 46. என்னுடைய தொழில் முழுவதும் அந்த 56 கிலோமீற்றருக்குள்தான் நடந்தது.

ஊரில் மரை என்கிறோமே, அந்த மான் குடும்பத்தில் உலகிலேயே பெரியது மூஸ். நன்றாக வளர்ந்த ஆண் 500 கிலோ வரும், அதற்கு மேலும் வரும். அதன் தோள் என் தலை உயரம். அந்தப் பெயரே அந்த மண்ணின் ஆதிக்குடிகள் பேசும் அல்கொன்குவிய மொழிகளில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது.

நான் கனடா வந்தது 1989 இல். முதல் வேலை ஹன்ட்ஸ்வில் பக்கத்தில் ஒரு விடுதிச் சமையலறையில், கோப்பை கழுவுவது. அங்கே இருந்த வயதான சமையற்காரர் ஒரு மே மாத விடியலில் என்னைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு வளைவு தாண்டி வண்டியை வீதிக்கு வெளியே முழுதாக இறக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். வீதியோரக் கானுக்குள் மூன்று மூஸ் நின்றன. கறுத்த சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தன. அவ்வளவு ஏரிகள் இருக்கிற நாட்டில் ஏன் இந்தக் கழிவு நீரைக் குடிக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

"உப்பு" என்றார் அவர்.

குளிர்காலம் முழுவதும் மூஸ் தின்பது மரக்குச்சிகளும் ஊசியிலைகளும்தான். அவற்றில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். ஐந்து மாதம் அப்படி இருந்துவிட்டு வசந்தத்தில் வெளியே வரும்போது உடம்பு உப்புக்கு அலைகிறது. பனி உருகுவதற்காக நெடுஞ்சாலையில் கொட்டிய உப்பெல்லாம் கரைந்து கானில் வந்து தேங்கி நிற்கிறது. மே நடுப்பகுதியில் இருந்து ஜூன் வரை மூஸ் வீதியோரம் வருவதற்கு இதுதான் காரணம். பிறகு ஏரிகளிலும் ஓடைகளிலும் மஞ்சள் அல்லியும் மற்ற நீர்ச்செடிகளும் முளைத்துவிடும். அந்தச் செடிகளில் சோடியம் நிறைய உண்டு. செடி வந்ததும் கானை விட்டுவிட்டு மூஸ் தண்ணீருக்குள் இறங்கிவிடும். எந்த மாதம் எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்கிற எல்லோருக்கும் என் பதில் இந்த உப்புக் கதைதான். உப்பு இருக்கிற இடத்துக்கு அது வரும்.

மேயில் வேறொரு சங்கதியும் உண்டு. அடுத்த கன்றை ஈனுவதற்குச் சற்று முன்பு தாய் தன் போன வருடத்துக் கன்றை அடித்துத் துரத்திவிடும். ஒரு வருடம் தாயின் காலடியில் கிடந்த அந்தக் குட்டி எங்கே போவது என்று தெரியாமல் வீதியோரம் அலையும். வீதியில் முதலில் காண்பது பெரும்பாலும் அதைத்தான். ஆட்களைக் கண்டு ஓடத் தெரியாமல் நிற்கும். அது சாது என்று நினைத்துத் தொடுகிற தூரத்துக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தாயிடம் இருந்து பிரிந்த முதல் வாரத்தில் அது கற்றுக்கொள்கிற மனிதர் இவர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் கோப்பை கழுவுவதை விட்டுவிட்டு ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்துக்கு வான் ஓட்டினேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூஸைக் கண்டால் பயணிகளை இறக்கிப் படம் எடுக்க விடுவது. அப்போது பிலிம் கமரா. தூரத்தில் இருந்து எடுத்தால் படத்தில் ஒரு கறுப்புப் புள்ளிதான் வரும். ஆகவே கிட்டப் போவார்கள். நான் முன்னால் நடப்பேன், அவர்கள் பின்னால் வருவார்கள். இரண்டு பருவம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத அந்த இரண்டு பருவம்தான் என்னைக் கெடுத்தது.

மூன்றாம் பருவத்தில், ஜூன் தொடக்கம், காலை ஆறரை மணி இருக்கும். ஒரு பெண் மூஸ் கானுக்கு அப்பால் குருத்துத் தின்றுகொண்டு நின்றது. ஆறு பேரை இறக்கினேன். நாற்பது மீற்றரில் அது தலையை உயர்த்தியது. வாயில் கிளை அப்படியே இருந்தது, மெல்லவில்லை. எனக்கு அப்பாவின் குரல் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்னும் பத்து எட்டு வைத்தேன். காது இரண்டும் பின்னால் படிந்தன. தோள் திமிலின் மயிர் சிலிர்த்து எழுந்தது. நாக்கை வெளியே விட்டு உதட்டை நக்கியது. பின்னால் நின்ற ஒருவர் "சிரிக்குது பாருங்கோ" என்றார். அந்த நேரத்தில்தான் இடப்பக்கம் ஸ்புரூஸ் மரங்களுக்கு அடியில் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ அசைந்தது. கன்று. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நாங்கள் போய் நின்றிருந்தோம்.

"ஓடுங்கோ" என்று கத்தினேன். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. மூஸைக் கண்டால் ஓடத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்கு எங்களைத் தின்னும் நோக்கம் இல்லை, விரட்டினால் போதும். நடுவே ஒரு பெரிய மரமோ வாகனமோ வந்துவிட்டால் உயிர் தப்பும். ஐந்து பேர் வானுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு பெண் வழுக்கி விழுந்தார். நான் அவரைத் தூக்கி இழுத்துக்கொண்டு வானைச் சுற்றிய அதே கணம் அது முன்னங்காலால் வானின் பக்கக் கதவை உதைத்தது. மூஸ் முன்னங்காலால் உதைக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கதவு உள்ளே குழிந்து போனது. அது இரண்டு தரம் மூச்சு விட்டது, திரும்பியது, கன்றைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

யாருக்கும் காயம் இல்லை. பயணிகள் அதை ஒரு சாகசமாக எடுத்துக்கொண்டார்கள், எனக்கு அதிகமாகக் கைச்செலவும் தந்தார்கள். அந்தக் காசை என்னால் நெடுநாள் செலவழிக்க முடியவில்லை. வழுக்கி விழுந்தவர் எழும்பாமல் இருந்திருந்தால் என்ன செய்வது என்றுகூட அவர்களுக்கு நான் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. தலையையும் கழுத்தையும் கையால் மூடிக்கொண்டு சுருண்டு கிடக்க வேண்டும், அது தூரப் போகும்வரை அசையக்கூடாது. இதை இப்போது வான் புறப்படுமுன்னரே சொல்லிவிடுவேன்.

அடுத்த வருடம் சொந்தமாக ஒரு வான் வாங்கினேன். வழக்கத்தை மாற்றினேன். வீதியோரத்தில் யாரும் இறங்குவதில்லை. வாகனத்தை மூஸ் ஒரு பாறையைப் போல எடுத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் இரண்டு காலில் ஒரு உருவம் இறங்கி நின்றால் கதை வேறு. வளைவிலும் மேட்டின் உச்சியிலும் நிறுத்துவதில்லை, நான்கு சில்லும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே. கண்ணாடியை இறக்கு, எஞ்சினை அணை, கதவை அடிக்காதே, மெல்லக் கதை. தூரத்துக்கு, கனடாவின் தேசியப் பூங்காக்கள் சொல்கிற 30 மீற்றர் ஒரு கணக்கு. கன்று ஈனும் காலத்திலும் இணைசேரும் காலத்திலும் அது காணாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது பெருவிரல் கணக்கு. கையை நீட்டி ஒரு கண்ணை மூடிப் பெருவிரலைப் பிடித்தால் முழு மூஸும் அதற்குள் மறைய வேண்டும். விரலுக்கு வெளியே தெரிந்தால் பின்னுக்குப் போ.

ஆனால் மீற்றரைவிட நான் நம்புவது அதன் வாயை. தின்றுகொண்டே இருந்தால் நாங்கள் நிற்கிற இடம் சரி. மெல்வது நின்றால், அது நூறு மீற்றரில் நின்றாலும், நாங்கள் அதிகமாக வந்துவிட்டோம்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் கிட்டப் போவமோ?"

"இல்லைத் தம்பி, அது தின்னுறதை நிப்பாட்டிப்போட்டுது."

இந்தக் கதை எத்தனை காலையில் நடந்திருக்கும்!

எங்கள் தொழிலில் ஆட்கள் பயப்பட வேண்டியது உதைக்குத்தான் என்று நினைக்கிறார்கள். வீதிதான் அதைவிட ஆபத்து. ஆரம்பத்தில் ஸ்காபரோவில் இருந்து அதிகாலை இரண்டரைக்கு வெளிக்கிட்டு விடியலுக்கு மேற்கு வாசலுக்குப் போய்ச் சேருவேன். ஒரு நாள் எனக்கு முன்னால் போன கார் ஒன்று மூஸில் மோதிய இடத்துக்கு நான் இரண்டு நிமிடம் பிந்திப் போனேன். அங்கே கண்டதை எழுத விருப்பமில்லை. ஏன் அப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். மூஸின் கால் நீளம். கார் அதன் காலில்தான் முட்டும். உடம்பு முழுவதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இருக்கைக்கு மேல் வந்து விழும். வேறு மான் என்றால் விளக்கு வெளிச்சத்தில் கண் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மூஸின் கண் அந்த வெளிச்சத்துக்கு மேலே இருக்கிறது. மயிரோ கறுத்த பழுப்பு. இருட்டில் ஒரு இருட்டு நிற்கிறது, அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு இரவு ஓட்டத்தை விட்டேன். முதல் நாள் மாலையே ஹன்ட்ஸ்வில்லிலோ கிழக்கு வாசலுக்கு அப்பால் விட்னியிலோ போய்த் தங்குவோம். செலவு கூடியது, வாடிக்கையாளர் குறைந்தார்கள். பரவாயில்லை.

ஜூலையில் தொழில் தண்ணீருக்கு மாறும். நுளம்பும் கறுத்த இலையானும் மே, ஜூனில் ஆளைத் தின்னும், ஜூலையில் கொஞ்சம் அடங்கும். ஒபியோங்கோ வீதியோரம் கொஸ்டெல்லோ ஓடை இருக்கிறது. விடியலில் அந்தப் பக்கம் கனூவில் போனால், மூஸ் வயிறு மட்டும் தண்ணீரில் நின்று தலையை முழுதாக உள்ளே விட்டு அல்லித்தண்டைப் பிடுங்கும். தலை மேலே வரும்போது காதில் இருந்தும் தாடையில் இருந்தும் தண்ணீர் கொட்டுகிற ஓசை ஓடை முழுவதும் கேட்கும். அதைவிட நல்ல ஓசையை நான் அந்த நாட்டில் கேட்டதில்லை. ஆழமான இடத்தில் முழுதாக முங்கியும் தின்னும். ஒரு முறை ஏரி நடுவே யாருமில்லாத தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பிறகு ஒரு தலை வந்தது.

பழைய கனூக்காரர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை கற்றுத் தந்தார். தலை உள்ளே போகும்போது துடுப்புப் போடு, மேலே வரும்போது சிலையாக இரு. மூஸுக்குக் கண் பார்வை குறைவு, மூக்கும் காதும்தான் கூர்மை. காற்று எங்கள் முகத்தில் அடித்தால் இப்படியே பத்து மீற்றருக்குப் போய்விடலாம். நானும் செய்தேன். பயணிகள் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். ஆனால் அது கடைசியில் கண்டுவிடும்போது பதறுகிற பதற்றம்! ஓநாய் வருவது இப்படித்தானே. நாங்கள் பார்க்கப் போனோமா, பதுங்கப் போனோமா என்று எனக்கே ஐயம் வந்தபின் அதை விட்டேன். இப்போது ஓடையின் திருப்பத்தில், கரைக்குப் போகும் வழியை அதற்குத் திறந்து விட்டு, கனூவை நாணலில் செருகிக் காத்திருப்போம். நீந்துகிற மூஸின் குறுக்கே ஒருபோதும் போகமாட்டோம். சில நாள் ஒன்றும் வராது. அதையும் முதலே சொல்லிவிடுவேன். காசு திருப்பித் தருவதில்லை.

இலையுதிர் காலம்தான் எனக்கு மிகவும் கடினமான பருவம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் மேப்பிள் சிவக்கும், ரொறன்ரோவில் பாதிப்பேர் அங்கே வந்துவிடுவார்கள். அதே இரண்டு வாரம்தான் மூஸ் இணைசேரும் காலம். அப்போது ஆண் தின்பதையே கிட்டத்தட்ட விட்டுவிடும். ஆகவே என்னுடைய வாய்க் கணக்கு அந்த இரண்டு வாரமும் உதவாது. கோடையில் மென்மயிர் போர்த்தி வளர்ந்த கொம்பு, தோல் உரிந்து காய்ந்து நிற்கும். குழி தோண்டி அதில் மூத்திரம் விட்டுப் புரளும். அந்த நெடி காட்டில் வந்தால் நான் அங்கேயே திரும்பிவிடுவேன். பேர்ச் மரப்பட்டையைச் சுருட்டிக் குழலாக்கிப் பெண் மூஸ் போல நீளமாக முனகினால் ஆண் வரும். நானும் ஆறேழு வருடம் ஊதினேன். ஒரு அக்டோபரில் வந்த ஆண், பெண்ணைத் தேடி எங்கள் முன்னால் கால்மணி நேரம் நின்றது. கொம்பை ஒரு சிறு மரத்தில் போட்டு அடித்தது. பிறகு கொம்பை மெல்ல ஆட்டி ஆட்டி எங்களை நோக்கி நடக்கத் தொடங்கியது. பெரிய பைன் ஒன்றின் பின்னால் நாலு பேர் ஒட்டிக்கொண்டு நின்றோம். குளிர்காலத்துக்கு முன் அதற்கு இருக்கிற பலத்தை இல்லாத ஒரு பெண்ணுக்காகச் செலவழிக்க வைத்தது நான். குழலை அன்று அடுப்பில் போட்டேன். அந்த மாதத்தில் இப்போது வானுக்குள் இருந்து மட்டும், அல்லது பார்வையாளர் நிலையத்தின் மேடையில் இருந்து பைனாகுலரால்.

மூஸ் வாழ்க்கை எவ்வளவு இறுக்கமானது என்று ஏப்ரலில் பார்த்தால் தெரியும். குளிர்கால உண்ணி என்று ஒன்று. இலையுதிர் காலத்தில் செடி நுனிகளில் கொத்துக் கொத்தாகக் காத்திருந்து மூஸில் ஏறும். ஒரு மூஸில் பல்லாயிரம். குளிர்காலம் முழுவதும் இரத்தம் குடித்துவிட்டு ஏப்ரலில் விழும். அரிப்புத் தாங்காமல் மூஸ் மரத்தில் உரஞ்சி உரஞ்சி மயிர் எல்லாம் முறிந்து வெளிறிப் போகும். பேய் மூஸ் என்பார்கள். பனி பிந்தி விழுந்து முந்தி உருகுகிற வருடங்களில் உண்ணி கூடும். நான் வந்த காலத்தைவிட அப்படியான வருடங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. வெயிலும் மூஸுக்கு ஆகாது. கோடையில் 14 பாகைக்கு மேல் போனாலே அதற்கு வெக்கை தொடங்கிவிடும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் சட்டையோடு குளிர்கிறது என்கிற காலையில் அது நிழல் தேடுகிறது. எலும்பு தெரிய, வெளிறிய தோலோடு கானில் உப்புக் குடிக்கிற அந்த மிருகத்தை ஒரு படத்துக்காக ஓட வைப்பவர்களிடம் நான் சத்தம் போட்டிருக்கிறேன். பூங்காவில் யாரிடமாவது நான் சத்தம் போட்டது அதற்கு மட்டும்தான்.

மானும் மூஸுக்கு ஒரு வகையில் எமன். வெள்ளைவால் மானின் மூளையில் ஒரு புழு இருக்கும், மானை ஒன்றும் செய்யாது. நத்தை வழியாக அந்தப் புழு உள்ளே போனால் மூஸ் தலை சுற்றி விழுந்து சாகும். மான் குறைந்தபின்தான் அல்கொன்குவினில் மூஸ் பெருகியது. அப்படிப் பெருகியவற்றில் இருந்து 1985 இலும் 1987 இலும் மொத்தம் 59 மூஸைப் பிடித்து, ஹெலிகொப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து, லொறிகளில் அமெரிக்காவின் மிச்சிகனுக்கு அனுப்பினார்கள். நான் வந்தபோது அதைப் பார்த்தவர்கள் இன்னும் அங்கே வேலை செய்தார்கள். கறுப்பு மலைபோல ஒன்று கண் கட்டப்பட்டு வானத்தில் போனதைக் கை நீட்டிக் காட்டுவார்கள்.

ஒரு முறை நியூஃபவுண்ட்லாண்ட் போனேன். அங்கே மூஸ் சொந்தமில்லை. 1904 இல் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்து நாலைக் கொண்டுவந்து விட்டார்கள். தின்ன ஓநாய் இல்லாமல் அந்தத் தீவு நிறைந்துவிட்டது. குறோஸ் மோர்ன் பூங்காவில் இளமரமே எழும்ப முடியாமல் போய் 2011 இல் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்கள். பார்க்க அதைவிட இலகுவான இடம் கிடையாது. ஆனால் அங்கே இரவில் வாகனம் ஓட்டவே வேண்டாம்.

போன் வந்தபின் தொழில் மாறியது. பிலிம் கமராக்காரனுக்கு 36 படம்தான், பார்த்துப் பார்த்து எடுப்பான். போன்காரர் தாங்களும் மூஸும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். முதுகைக் காட்டினால் காதை எப்படிப் பார்ப்பது? ஒரு மூஸ் நின்றால் பத்து நிமிடத்தில் முப்பது கார் சேர்ந்துவிடும். அப்படியான இடத்தில் நான் நிறுத்துவதே இல்லை. வானுக்குள் முணுமுணுப்பு வரும். நாய் கொண்டுவருபவர்களையும் ஏற்றுவதில்லை. மூஸுக்கு நாய் என்றால் ஓநாய்தான்.

போன ஜூனில் ஒரு மகன் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். முல்லைத்தீவுப் பக்கம், எண்பதுக்குக் கிட்ட வயது. 40 ஆவது கிலோமீற்றருக்குக் கிட்ட, காலை ஏழு மணிக்கு, ஒரு தாய் மூஸும் இரண்டு கன்றும். வேறு கார் இல்லை. தாய் கானோரம் வில்லோக் குருத்து உருவித் தின்றது. கன்று ஒன்று படுத்திருந்தது, மற்றது தாயின் வயிற்றுக்குக் கீழே. மகன் போனை நீட்டினான். அம்மா கண்ணாடி வழியே நெடுநேரம் பார்த்தார். அவர் பார்த்தது காதையா வாயையா என்று எனக்குத் தெரியாது.

"பெரிய பசி போல கிடக்கு" என்றார். "ரெண்டு பிள்ளையளுக்கும் பால் குடுக்கிறவள். தின்னட்டும். நாங்கள் போவம் தம்பி."

நான் எஞ்சினை முடுக்கினேன். ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. வாய் நிற்கவில்லை. மெல்ல வீதிக்கு ஏறி, அடுத்த வளைவு வரைக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். தின்றுகொண்டுதான் நின்றது.